பெருந்தீனிக்கு இலக்கணம் வகுத்தவர்கள்

எந்த மொழியிலும் அகராதியைக் காட்டிலும் கம்பீரமான முகமுடைய நூல் வேறொன்று இல்லை. அது யாரையும் புகழ்வதில்லை, யாரிடமும் கோபிப்பதில்லை. ஒரு சொல்லை எடுத்து வைத்து, இதற்குப் பொருள் இது என்று கூறிவிட்டு, வாசகன் ஒப்புக்கொண்டானா இல்லையா என்று திரும்பிப் பாராமலே அடுத்த சொல்லுக்குச் சென்றுவிடுகிறது. அந்தக் கம்பீரத்தை அப்படியே கைப்பற்றி, மனித ஜாதியின் பலவீனங்கள் ஒவ்வொன்றுக்கும் சிரிக்காத முகத்தோடு இலக்கணம் எழுதியவர் ஆம்புரோஸ் பியர்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர். ‘சாத்தானின் அகராதி’ என்று பிரசித்தி பெற்ற அவருடைய நூலில் பெருந்தீனிக்காரனுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. அஜீரணத்துக்கு ஆளாகி மிதத்தின் தீங்குகளிலிருந்து தப்பித்துக்கொள்பவன் என்பது அது. ஒரே வாக்கியந்தான், ஆயினும் அதில் உபதேசிகள் போற்றும் மிதம் நோயின் ஸ்தானத்திலும், வைத்தியர்கள் அஞ்சும் அஜீரணம் நிவாரணத்தின் ஸ்தானத்திலும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன.

இத்தனை சிறிய ஹாஸ்யத்தின் பூர்வோத்தரத்தை ஆராய்வது வீண் வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். உணவைப் பற்றியும் உண்பவனைப் பற்றியும் நாம் இன்று சிரிக்கும் சிரிப்பு, தான் பிறந்த இடத்தை மறந்து தவறான திசையில் போய்க்கொண்டிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அதை ஸ்தாபிப்பதற்கு இந்த ஒரு வாக்கியத்தின் வம்சாவளியே போதுமான சாட்சியம் என்று கருதுவதால்தான் இதனை எழுதப் புகுந்தேன்.

பியர்ஸ் 1842-ஆம் ஆண்டு ஓஹையோ மாநிலத்தில், குழந்தைகள் நிறைந்த ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்ட 1861-இல், பதினெட்டு வயதில், இந்தியானா மாநிலத்தின் ஒன்பதாவது காலாட்படையில் சேர்ந்தார். 1864-இல் கெனசா மலைப் போரில் தலையில் குண்டு பாய்ந்தும் உயிர் பிழைத்தார். அந்த யுத்தத்தின் முதல் வருஷத்தில், வர்ஜீனியாவின் மேற்குப் பகுதி மலைகளில் தாம் கண்ட ஒரு காட்சியைப் பிற்காலத்தில் அவர் எழுதி வைத்திருக்கிறார். எதிரியைத் தாக்குவதற்காக மலைப்பாதையில் ஏறிச் சென்ற படை, வழியோரத்தில் தங்கள் தோழர்களின் சடலங்கள் கிடத்தப்பட்டிருப்பதைக் கண்டது. தோல்வியுற்றுத் திரும்பி வரும்போது அச்சடலங்கள் இடம் மாறிக் கிடந்தன. அவற்றின் முகங்களைக் காணவில்லை. சற்றுத் தூரத்தில் ஒரு பன்றிக் கூட்டம் ஓடிற்று. சிப்பாய்கள் அப்பன்றிகளைத் துரத்திச் சுட்டுக் கொன்றார்கள். இந்தக் கோரத்தைச் சொல்லும்போதுகூடப் பியர்ஸ் கண்ணீர் விடவில்லை; மனிதர்களின் பெருந்தன்மையைப் பற்றி ஒரு கசந்த வேடிக்கை பேசிவிட்டு மேலே போய்விடுகிறார்.

பின்னாளில் தம் அகராதியில் உண்ணத்தக்கது என்ற சொல்லுக்குப் பொருள் எழுத நேர்ந்தபோது, புழுவைத் தேரையும், தேரையைப் பாம்பும், பாம்பைப் பன்றியும், பன்றியை மனிதனும், இறுதியில் மனிதனைப் புழுவும் உண்பதாக ஒரு சக்கரத்தை அவர் சுழற்றிக் காட்டினார். பாரதூரமான தத்துவம் போலத் தோன்றும் இந்தச் சக்கரத்துக்கு அந்த மலைப்பாதைப் பன்றிகளோடு சம்பந்தம் இல்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. உண்ணுதல் என்ற காரியத்தைப் பற்றி அவர் எழுதிய ஹாஸ்யம் எதுவும் விருந்து மண்டபத்தில் பிறந்ததன்று. உண்பவனே உண்ணப்படும் பொருளாகவும் ஆவான் என்பதைக் கண்ணால் கண்ட ஒருவனுடைய சிரிப்பு அது.

யுத்தத்துக்குப் பின் சான்பிரான்சிஸ்கோ நகரில் குடியேறிய பியர்ஸ், அந்நகர வாரப் பத்திரிகைகளில் பெரிய மனிதர்களைக் கிழித்தெறியும் பத்திகளை எழுதிப் பெயரும் பகையும் ஒருங்கே சம்பாதித்தார். சொற்களுக்கு விபரீதப் பொருள் கூறும் விளையாட்டை 1875-இலேயே அவர் ஒரு முறை முயன்று பார்த்ததுண்டு. ஆயினும் 1881-இல் ‘வாஸ்ப்’, அதாவது குளவி, என்ற வாரப் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பு வந்த பிறகே அது தொடராக வெளிவரலாயிற்று. வாரந்தோறும் அச்சுக்கூடத்தின் பசிக்கு இரை போட வேண்டிய ஆசிரியனுக்கு அகரவரிசை என்பது ஒரு காமதேனு. கற்பனை வறண்ட வாரத்திலும் அடுத்த சொல் தானே வந்து நிற்கும். இடையிடையே நின்றும் தொடர்ந்தும் கால் நூற்றாண்டு நடந்த அந்தத் தொடரின் முற்பகுதி, ஏ முதல் எல் வரையிலான ஆங்கில எழுத்துக்களுக்குரிய சொற்களோடு, 1906-இல் நூலாயிற்று. சாத்தான் என்ற பெயர் பக்திமான்களை உறுத்தும் என்று அஞ்சியவர்கள் அந்நூலுக்கு ‘சினிக்ஸ் வேர்டு புக்’ என்ற சாதுவான பெயரைச் சூட்டினார்கள். பியர்ஸ் விரும்பிய நாமகரணம் 1911-இல், அவருடைய நூல் தொகுதியின் ஏழாவது பாகத்தில்தான் நிறைவேறிற்று.

அந்தப் பதிப்பின் முகவுரையில் அவர் கூறும் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. தம்முடைய வாசகங்கள் பல ஏற்கெனவே பிறர் வாயில் புகுந்து பழகிப்போய்விட்டன என்றும், ஆகவே தாம் எழுதியதைத் தாமே திருடியதாக யாரும் பழி கூறாதிருக்க வேண்டுமென்றும் அவர் முன்ஜாக்கிரதையாக ஒரு விளக்கம் தருகிறார். நல்ல ஹாஸ்யத்தின் கதி அதுதான். பெற்றவன் பெயரை இழந்து ஊர்ப் பொதுச்சொத்தாகிவிடுகிறது. 1913-ஆம் ஆண்டு இறுதியில், புரட்சி நடந்துகொண்டிருந்த மெக்ஸிகோவுக்குள் சென்ற பியர்ஸ் என்ன ஆனார் என்பது இன்றளவும் யாருக்கும் தெரியாது. அவர் எழுதிய இலக்கணங்களோ நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

பெருந்தீனிக்காரனைக் கேலி செய்யப் புகுந்தவர் அஜீரணத்தை ஏன் கையில் எடுத்தார் என்பதை அறிய அக்கால அமெரிக்காவை அறிய வேண்டும். பியர்ஸ் பிறந்த அதே 1842-இல் அந்நாட்டுக்கு யாத்திரை செய்த சார்லஸ் டிக்கன்ஸ், கால்வாய்ப் படகிலே தம்முடன் உணவருந்திய கனவான்கள் கத்தியையும் முள்ளையும் தொண்டைக்குள் செலுத்திய ஆழத்தைக் கண்டு, செப்பிடு வித்தைக்காரர்களிடம் மட்டுமே தாம் கண்ட சாமர்த்தியம் அது என்று வியந்து எழுதினார். பேச்சில்லாமல், நிமிர்ந்து பாராமல், கிடைத்ததையெல்லாம் அவசர அவசரமாக விழுங்கிவிட்டு எழுந்து ஓடுவது அங்கே பலருக்கும் வழக்கமாயிருந்தது. அதன் பலனாகிய அஜீரணத்தைத் தேசிய வியாதி என்றே பலர் அழைத்தார்கள். பத்திரிகைகளில் அதற்கான மருந்து விளம்பரங்கள் மலிந்து கிடந்தன.

நோய் மலிந்தால் உபதேசிகளும் மலிவது இயற்கை. சில்வெஸ்டர் கிரஹாம் என்ற பாதிரியார், புலாலும் மசாலாவும் வெள்ளை மாவும் உடலோடு ஒழுக்கத்தையும் கெடுக்கின்றன என்றும், தவிடு நீக்காத கோதுமை ரொட்டியே மனிதனைக் கடைத்தேற்றும் என்றும் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்தார். 1837-இல் பாஸ்டன் நகரத்துக் கசாப்புக்காரர்களும் ரொட்டிக் கடைக்காரர்களும் அவருக்கு எதிராகக் கலகம் செய்யும் அளவுக்கு அந்தப் பிரசங்கம் பலித்தது. மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்ற ஊரில் டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக் ஓர் ஆரோக்கிய நிலையம் நடத்தி, நோயாளிகளின் இலையிலிருந்து ருசி என்ற ஒன்றையே அப்புறப்படுத்தினார். இன்று உலகமெங்கும் காலைச் சிற்றுண்டியாகிவிட்ட சோளச் செதில்கள் அந்த நிலையத்தில் பிறந்தவையே. பருமனைக் காரணமாகக் காட்டி ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் மறுக்கப்பட்ட ஹொரேஸ் பிளெட்சர் என்ற செல்வரோ, வாயிலிட்ட கவளம் கூழாகித் தானே உள்ளே இறங்கும் வரை மென்றுகொண்டேயிருப்பதுதான் சகல நோய்க்கும் மருந்து என்று கண்டுபிடித்துப் பெருங்கீர்த்தி அடைந்தார்.

ஒருபுறம் விழுங்குகிறவர்களும் மறுபுறம் மெல்லுகிறவர்களுமாக இரண்டு கட்சிகள் நின்ற அந்தச் சந்தையின் நடுவிலே, இரண்டு பக்கமும் சாயாமல் நின்று சிரித்தவர் பியர்ஸ். அவருடைய வாக்கியத்தைச் சற்று நிதானித்துப் படித்தால், வயிறு நிறைத்துத் தவிப்பவன் ஒருவன் மட்டும் அதில் அகப்படவில்லை என்பது விளங்கும். மிதமே மோட்ச சாதனம் என்று ஓயாமல் பிரசங்கித்து, மிதத்தையே ஒரு தண்டனையாக்கிவிட்ட உபதேசியும் அங்கே நிற்கிறான். அவனிடமிருந்து தப்பிக்க நோயே மேல் என்று ஒருவன் துணிந்தான் என்றால், அந்த உபதேசத்தின் லட்சணத்தை வேறெப்படிச் சொல்லுவது? அஜீரணம் என்ற சொல்லுக்கே தம் அகராதியில் பொருள் எழுதும்போது, வயிற்றுக் கோளாறை ஆன்மிகக் கவலையென்று எண்ணி ஏமாறுகிறவர்களை அவர் கிண்டல் செய்திருக்கிறார் என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் இந்த வாக்கியம் பியர்ஸின் மூளையிலே திடீரென்று முளைத்ததன்று. அதற்கு முன் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகவே மேல்நாட்டு அறிஞர்கள் பெருந்தீனி என்பது யாது என்று இலக்கணம் வகுத்துக்கொண்டிருந்தார்கள். ஒழுக்க சாஸ்திரம் எழுதிய அரிஸ்டாட்டில், தன் தொண்டை கொக்கின் தொண்டையைவிட நீளமாக வேண்டுமென்று தெய்வத்தை வேண்டிக்கொண்ட ஒரு போஜனப் பிரியனைப் பற்றிப் பிரஸ்தாபிக்கிறார். அம்மனிதனுடைய உடல் பருத்திருந்ததா மெலிந்திருந்ததா என்று அந்தத் தத்துவஞானி கவலைப்படவில்லை. ருசியைக்கூட அவன் நாடவில்லை, உணவு உள்ளே இறங்கும் ஸ்பரிச சுகம் ஒன்றையே நாடினான் என்பதே அவருடைய தீர்ப்பு.

கி.பி. 590 முதல் 604 வரை ரோமாபுரியில் போப்பாக இருந்த முதலாம் கிரகரி, இதனை இன்னும் நுட்பமாகப் பகுத்தார். வேளைக்கு முன் உண்ணுதல், விலையுயர்ந்ததையே தேடுதல், பக்குவத்தில் மிதமிஞ்சிய நுணுக்கம் பார்த்தல், அளவு மீறுதல், ஆவேசத்தோடு பாய்தல் என்று பெருந்தீனிக்கு ஐந்து வழிகள் உண்டு என்றார். இவ்வைந்தில் ஒன்றே ஒன்றுதான் அளவைப் பற்றியது. ஐந்தாவது வழிக்கு அவர் காட்டும் உதாரணம், பைபிளில் வரும் ஏசா. தலைமகனுக்குரிய உரிமை முழுவதையும் அவன் விற்றது அறுசுவை விருந்துக்கன்று. ஒரு கிண்ணம் பருப்புக் கூழுக்கு. பதார்த்தத்தில் குற்றமில்லை, பாய்ச்சலிலேதான் குற்றம் என்பது இதனால் பெறப்படும். உப்பு ஒரு கல் குறைந்தது என்பதற்காகச் சமைத்தவளைக் கண்ணீர் விடச் செய்யும் ஒல்லியான மனிதனும் கிரகரியின் கணக்கில் பெருந்தீனிக்காரனே.

ஆங்கில அகராதிகளுக்கெல்லாம் பிதாமகர் என்று போற்றப்படும் ஸாமுவேல் ஜான்ஸன் 1755-இல் வெளியிட்ட நூலிலும் ஆங்காங்கே ஹாஸ்யம் எட்டிப் பார்க்கிறது. ஓட்ஸ் என்ற தானியத்துக்குப் பொருள் எழுதும் சாக்கில் ஸ்காட்லாந்துக்காரர்களை அவர் சீண்டியது பிரசித்தம். பியர்ஸ் அணிந்த வேஷத்துக்கு அளவு தைத்தவர் அவரே எனலாம். அந்தப் பெரியவர் போஜனத்துக்கு உட்கார்ந்த கோலத்தை, அருகிருந்து கண்டு அவருடைய சரித்திரத்தை எழுதிய பாஸ்வெல் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். பார்வை தட்டை விட்டு அகலாது. பசி அடங்கும் வரை ஒரு வார்த்தை பேசமாட்டார், பிறர் பேசுவது காதில் விழாது. நெற்றி நரம்புகள் புடைத்தெழும், வேர்வை துளிர்க்கும். இவ்வளவுக்கும் அவர் இரண்டு நாள் பட்டினி கிடக்க வல்லவர். அடியோடு விட்டுவிடுவது அவருக்கு எளிதாயிருந்தது. அளவோடு நிறுத்துவது மட்டும் கைவரவில்லை. மிதத்தை விடப் பட்டினி எத்தனையோ தேவலை என்று வாழ்ந்து காட்டிய அந்த மேதையைக் கண்டவர்களுக்கு, மிதத்துக்கு அஞ்சி ஓடும் மனிதனைப் பற்றிய பியர்ஸின் வாக்கியம் அத்தனை மிகையாகத் தோன்றாது.

பிரெஞ்சுக்காரர் பிரியா ஸவாரென் வேறொரு கோணத்திலிருந்து வழக்காடினார். புரட்சிக்கு அஞ்சி அமெரிக்காவுக்கு ஓடி, நியூயார்க் நாடகக் கொட்டகையில் பிடில் வாசித்துப் பிழைத்து, பின்பு தாயகம் திரும்பி உச்சநீதிமன்ற நீதிபதியாக வீற்றிருந்தவர் அவர். 1825 டிசம்பரில், தாம் இறப்பதற்கு ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன், ருசியைப் பற்றி வெளியிட்ட நூலில், அகராதி எழுதியவர்கள் ரஸிகனையும் பெருந்தீனிக்காரனையும் ஒரே கூண்டில் நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு நீதிபதிக்குரிய கோபத்தோடு அவர் ஆட்சேபிக்கிறார். அஜீரணம் வரும்படி உண்கிறவனுக்கு உண்ணவே தெரியாது என்பது அவர் கட்சி. ருசியை அறிந்தவனுக்கு எங்கே நிறுத்துவது என்பதும் தெரிந்திருக்கும் அல்லவா?

இந்தப் பரம்பரையை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. தத்துவஞானி, மதகுரு, நீதிபதி, பத்திரிகையாளன் என்று பலர் பல காலத்தில் பெருந்தீனிக்காரனுக்கு இலக்கணம் கூறியிருக்கிறார்கள். அவர்கள் பிடித்துக்கொண்டதெல்லாம் அவனுடைய ஆசையின் போக்கு, நடத்தையின் கோணல், அவனுக்கு உபதேசம் செய்கிறவனுடைய பாசாங்கு ஆகியவைதாம். வயிற்றின் சுற்றளவை நூல் பிடித்து அளந்து அதிலிருந்து இலக்கணம் வகுக்க அவர்கள் முற்படவில்லை.

நாம் செய்துகொண்டிருப்பது அதுதான். நம் சினிமாவில் பருத்த உடம்புடைய ஒருவர் திரையில் தோன்றிய மாத்திரத்திலேயே, அவர் ஒரு கவளம் வாயில் போடுவதற்கு முன்னரே, கொட்டகை சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. பள்ளிக்கூடத்தில் சற்றுச் சதைப்பிடிப்புள்ள பிள்ளைக்குப் பட்டப்பெயர் சூட்டும் சகமாணவர்கள், அவன் தினமும் எவ்வளவு உண்கிறான் என்று விசாரித்துவிட்டா சூட்டுகிறார்கள்? கல்யாணப் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் கேட்கும் ஒல்லியானவனை ரஸிகன் என்றும், ஒரு முறையோடு எழுந்துவிடும் பருமனானவளைச் சாப்பாட்டு ராமி என்றும் தீர்ப்புக் கூறுவதில் நமக்குக் கூச்சமில்லை. உடற்பருமன் பரம்பரையினாலும், தைராய்டு முதலிய சுரப்பிகளின் கோளாறினாலும், ஸ்டீராய்டு போன்ற மருந்துகளினாலும் ஏற்படலாம் என்பதை வைத்திய சாஸ்திரம் எப்போதோ சொல்லிவிட்டது. மறுபுறம், காமிராவின் முன் உட்கார்ந்து, பத்துப் பேருக்குப் போதும் உணவை ஒருவரே உண்டு தீர்ப்பதைக் கோடிக்கணக்கானோர் ரசித்துப் பார்க்கிறார்கள்; தென்கொரியாவில் ‘முக்பாங்’ என்ற பெயரில் தோன்றிய அவ்வழக்கம் நம் ஊரிலும் தொழிலாகிவிட்டது. அதைச் செய்கிறவர் மெலிந்த உடம்புடையவராயிருந்தால் அது சாதனை என்று பாராட்டப்படுகிறது. கேலிக்குரிய நடத்தையைக் கைதட்டி வரவேற்றுவிட்டு, நடத்தையே இல்லாத இடத்தில் உடம்பைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

நம்மிடையிலும் சரியான சிரிப்புக்கு உதாரணம் இல்லாமல் இல்லை. 2009-இல் வெளியான ‘வெண்ணிலா கபடி குழு’ படத்தில் நடிகர் சூரிக்குப் புகழ் தேடித்தந்த பரோட்டாப் போட்டிக் காட்சியை நினைவுகூரலாம். சாப்பிடுகிறவர் ஒல்லியான மனிதர். இத்தனை பரோட்டா தின்றால் காசில்லை என்று ஆசை காட்டிய கடைக்காரர், தோல்வி நெருங்குவதைக் கண்டு எண்ணிக்கையில் தகராறு செய்கிறார். அவரோ கணக்கை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்று சளைக்காமல் நிற்கிறார். அங்கே நாம் சிரிப்பது கடைக்காரருடைய அற்பத்தனத்தைப் பார்த்தும், வீம்புக்கு வயிற்றைப் பணயம் வைக்கும் பிடிவாதத்தைப் பார்த்தும். யாருடைய உடம்பும் அதில் அவமதிக்கப்படவில்லை; அதனால் அந்தக் காட்சியின் வேடிக்கை சிறிதும் குறைந்துவிடவும் இல்லை.

அப்படியானால் உணவைப் பற்றிக் கேலியே பேசக் கூடாதா, மனம் புண்படும் புண்படும் என்று சொல்லிச் சொல்லி ஹாஸ்யத்தையே ஊமையாக்கிவிடுவதா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கவலை நியாயமானதே. பேராசை கேலி செய்யப்பட வேண்டியதுதான். பந்தியில் பக்கத்து இலைக்காரனைப் பாராமல் வாரிக் கொட்டிக்கொள்கிறவனும், பாதி தின்று பாதி எறிகிறவனும், ஊர் பசித்திருக்க விருந்தில் நூறு பதார்த்தம் பரப்பிப் பெருமையடிக்கிறவனும், தான் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டுப் பிறனுக்கு லங்கணத்தின் மகிமையை உபதேசிக்கிறவனும் சிரிப்புக்குத் தப்பக் கூடாது. அந்தச் சிரிப்பைக் கைவிடும் சமூகம் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஒரு கருவியைக் கைவிடுகிறது. நான் ஆட்சேபிப்பது சோம்பேறிச் சிரிப்பை. உடம்பைப் பார்த்துச் சிரிக்க அறிவும் வேண்டாம், அவதானமும் வேண்டாம். கண் ஒன்றிருந்தால் போதும். பியர்ஸைப் போல ஒரே வாக்கியத்தில் பேராசைக்காரனையும் போலி உபதேசியையும் சேர்த்துக் கட்டுவதற்கோ, இருவரையும் நெடுநாள் கூர்ந்து கவனித்திருக்க வேண்டும்.

ஆகவே, ஹாஸ்ய நடிகர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும், வீட்டில் வேடிக்கை பேசும் மாமாக்களுக்கும் சித்தப்பாக்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான்: பெருந்தீனியைத் தாராளமாகக் கேலி செய்யுங்கள், அதற்கு முன், அந்த மனிதர் என்ன செய்தார் என்று ஒரு முறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லும்படியாக அவர் ஒன்றும் செய்யவில்லை, அவர் உடம்பு மட்டுமே உங்கள் கண்ணில் பட்டது என்றால், கேலிக்குரியவர் இலைக்கு முன் உட்கார்ந்திருக்கும் அவரல்லர்.